முதுகில்லாத கத்தி

மகள் அபிநயாவைப் பெண் பார்க்க மோகனூரிலிருந்து ஆட்கள் வருகிற நாளிலாவது அந்தக் கத்தி பீரோவிலேயே கிடக்கட்டும் என்று மஞ்சுளா காலையிலிருந்து கெஞ்சினாள். கணவர் முருகானந்தம் தலையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற தலையாட்டல். அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

அவருடைய தாத்தா பர்மாச் சண்டையிலிருந்து கொண்டுவந்த கத்தி அது. சாணுக்கும் குறைவான ஒல்லி அலகு, ஊசி முனை, உருண்டையான பித்தளைப் பிடி. வெங்காயம் நறுக்க உதவாது, தேங்காய் கீறவும் ஆகாது. ஆளைக் குத்தவென்றே செய்த சாமானைக் கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் வரைக்கும் எடுத்துக் காட்டி விளக்கம் சொல்லுவார்.

மாப்பிள்ளை கௌதமனின் அப்பா வெங்கடாசலம், "உங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாராமுங்களே?" என்று கேட்டுத் தொலைத்தார். முருகானந்தம் எழுந்து பீரோவிலிருந்து கத்தியை எடுத்து வந்துவிட்டார்.

"முஷ்டியில இறுக்கக் கூடாதுங்க. பிடிக்கு மேல இருக்கற குறுக்குக் கட்டைகிட்ட இந்த ரெண்டு வெரல்ல லேசாப் பிடிக்கோணும். கனம் பூராப் பிடியிலதான். அலகு சொன்ன பக்கம் திரும்பும்."

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க," என்றாள் மஞ்சுளா. யாருக்கும் கேட்கவில்லை.

வெங்கடாசலம் கத்தியை வாங்கினார். "முதுகுகூட எத்தன வழவழப்பு!" என்று கட்டைவிரலை அழுத்தி இழுத்தார். அந்தக் கத்திக்கு முதுகே கிடையாது. இரண்டு பக்கமும் கூர். ரத்தம் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

மஞ்சுளா துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அந்தக் களேபரத்திலும் முருகானந்தம் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் பட்டா துரு ஏறிரும் மஞ்சு."

"அதைக் கொண்டு என்னயவே குத்திப்போடுங்க! காரை எடுக்கறீங்களா இல்லையா?"

ராசிபுரத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் வெங்கடாசலத்தின் மனைவி சாலம்மாள் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சம்பந்தம் போச்சு என்று மஞ்சுளா முடிவே கட்டிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து பேச்சுக் கேட்டது.

"அப்ப அலகு நடுவுல மேடு எதுக்குங்க?"

"அது இருந்தாத்தானுங்க ஒல்லி அலகு வளையாது. ஆனா நெம்புனா முனை போயிரும்."

தையல் போட்ட கையோடு இப்படிக் கேட்கிறவரும், அதற்குப் பதில் சொல்லுகிறவரும்! மஞ்சுளா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாலம்மாள் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தாள்.

"எங்கூட்ல பழைய மோட்டாருங்க. படுக்கற எடத்துலகூட ரெண்டு கெடக்குது. சொன்னாக் கேக்கறாரா?"

"இவரு மட்டும் கேப்பாரா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் சாலம்மாள் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அபிநயாவுக்கு எங்க பையனப் புடிச்சிருந்தா, எங்களுக்குச் செரிங்க."

வீடு திரும்பியபோது அபிநயாவும் கௌதமனும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வந்ததையே கவனிக்கவில்லை.