பகல் பத்தா, ராத்திரி பத்தா

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க கண்ணுகளா. காலை நீட்டணும்னா தாராளமா நீட்டிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பெட்டி நிறைய வாட்ச் வெச்சிருந்த ஒரு பல் டாக்டரம்மா, ஒரு நாள் முழுக்க இருப்புக்கொள்ளாம தவிச்ச கதையை இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப்போறேன்.

அவரிடம் இருந்ததில் எதுவும் பேட்டரியில் ஓடுகிற வாட்ச் இல்லை. உள்ளே சுருள்வில்லும் பல்சக்கரமுமாக, கை ஆட ஆடத் தானே சாவி ஏறிக்கொள்கிற உசத்தி ரகம். கட்டாமல் போட்டுவிட்டால் இரண்டொரு நாளில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, வெளியே போக வேறொன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பார். வேலை நேரத்தில் கையுறை போட வேண்டுமே, கழற்றித்தான் வைப்பார். ஆனால் ஒருவர் எழுந்து போய் அடுத்தவர் வந்து வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் அதை ஒரு பார்வை பார்க்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

"உனக்கு இருக்கறது ரெண்டே கை. இத்தனை வாட்சுக்கு நீ ஆக்டோபஸா பொறந்திருக்கணும்," என்பார் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர்.

"பொறந்திருந்தா உங்ககிட்ட ஏன் மாட்டிக்கறேன்? கடல்லயே நல்லவனா ஒருத்தன் கிடைச்சிருப்பான்."

பெட்டி நிறைந்த அன்று, இனி ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும் என்று டாக்டரம்மாவே கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். யாரும் கேட்டு வாங்கிய வாக்கு இல்லை. அதனாலேயே மீற முடியவில்லை.

அப்படியிருக்க, அவர் வெகு காலமாகச் சொல்லிவைத்துக் காத்திருந்த வாட்ச் வந்துவிட்டதென்று அன்று காலை கடைக்காரர் போன் செய்தார். நீல முகத்தில் சின்னதாக ஒரு ஜன்னல், அதற்குள் வளர்ந்து தேய்கிற நிலா.

"இன்னைக்குக் கடை அடைக்கறதுக்குள்ள வந்துடுங்க டாக்டர். உங்களுக்கு அடுத்தபடியா சொல்லி வெச்ச பைலட் சார் என் உயிரை எடுக்கறார்."

எதைக் கொடுப்பது என்று டாக்டரம்மா ஏற்கெனவே பல வாரம் மண்டையை உடைத்து முடிவு செய்திருந்தார். தேதியும் கிழமையும் மாதமும் காட்டுகிற தங்க வாட்ச். அழகுதான். ஆனால் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுப்ப வேண்டும், செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை மாதிரி. கடைக்காரருக்கும் அது சம்மதம். அதைக் கொடுத்து இதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

அன்றைக்கும் அது நின்றுதான் கிடந்தது, முள் பத்து மணியில். இந்த ரகத்துக்கு ஒரு விதி உண்டு. ராத்திரியில் தேதியை மாற்றும் சக்கரம் உள்ளே பல்லோடு பல்லாகக் கவ்வியிருக்கும். அப்போது வெளியிலிருந்து தேதியைத் தள்ளக் கூடாது. நின்றுபோன முள் காட்டுவது பகல் பத்தா, ராத்திரி பத்தா, யார் கண்டது? அதனால் முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தேதியைத் தொட வேண்டும். டாக்டரம்மாவுக்கு இது மனப்பாடம். ஆனால் மனம் நிலாவிடம் போய்விட்டது. கடைக்குக் கிளம்புகிற அவசரத்தில் தேதிப் பொத்தானை அப்படியே அழுத்திவிட்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்டே இருக்காது. பல் உடைகிற சத்தத்தை நாளெல்லாம் கேட்கிறவருக்கு அது உச்சந்தலை வரை ஏறியது.

கட்டிப் பார்த்தார். ஓடியது. முள் நகர்ந்தது. தேதி மாற வேண்டிய நேரம் வரும்வரை ஒன்றும் வெளியே தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டே கடைக்குப் போனார்.

பைலட் ஏற்கெனவே அங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தார், ஒரு முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்க. "நீங்க மனசு மாத்திக்கிட்டா இங்கேயே இருக்கலாமேன்னு வந்தேன்," என்று அசடு வழிந்தார்.

கடைக்காரர் தங்க வாட்ச்சை வாங்கிக் காதில் வைத்தார், ஓட்டத்தைச் சோதிக்கிற கருவியில் வைத்தார். "அருமையா ஓடுது. உங்க கைப் பொருளை அதுக்கு மேல என்னத்தைப் பார்க்கறது!" என்று சொல்லி, நிலாவை டாக்டரம்மாவின் மணிக்கட்டில் கட்டியும் விட்டார்.

எத்தனை நாள் ஆசை! கண்ணாடி முன் போய்க் கையைத் தூக்கினார். வாட்ச்சைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடிக்குள் கடைக்காரர் தங்க வாட்ச்சைத் துணியால் துடைப்பதுதான் தெரிந்தது, குழந்தைக்கு முகம் துடைப்பது போல.

"அதை வைங்க," என்றார். "தேதிச் சக்கரத்துல பல்லு போயிடுச்சு. நான்தான் உடைச்சேன், வர்ற அவசரத்துல."

கடைக்காரர் துணியை மடித்தார். "அப்ப இதை எடுத்துக்க முடியாது டாக்டர். வேற ஒண்ணைக் கொண்டு வாங்க. கடை அடைக்க இன்னும் நேரம் இருக்கு."

டாக்டரம்மா கணவருக்குப் போன் போட்டார். "பெட்டியைத் திறங்க. அந்தக் கறுப்பு வாட்ச்சை... வேண்டாம், அது என் முதல் சம்பளம். தோல்பட்டை போட்டது... ஐயோ, அதுவும் வேண்டாம்."

"இரு, இரு, நான் ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கறேன். வெள்ளை முகமா இருக்கே, இது?"

"அது உங்க அக்கா கொடுத்தது!"

"கொடுத்துடு. அவகிட்ட நான் பேசிக்கறேன்."

"சும்மா இருங்க!"

பின்னால் பைலட்டின் ஷூ தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் இவரைப் பார்க்கவில்லை. இவர் கையில் இருந்த நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தானும் கடைசியாக எதையாவது அப்படிப் பார்த்தது எப்போது என்று டாக்டரம்மா நினைத்தார். பெட்டிக்குள் இருப்பவற்றை அல்ல. இன்னும் கைக்கு வராததைத்தான் அப்படிப் பார்த்திருக்கிறார்.

"பெட்டியை மூடிடுங்க. வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க," என்று போனை வைத்தார்.

நிலாவைக் கழற்றித் தட்டில் வைத்தார். பைலட் எழுந்த வேகத்தில் சோபா பின்னால் நகர்ந்தது. டாக்டரம்மா தங்க வாட்ச்சை ரிப்பேருக்கு அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்.

காரில் கொஞ்ச தூரம் போனதும், "மணி என்ன?" என்றார்.

கணவர் சிரித்தே விட்டார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ என்கிட்ட மணி கேட்டது இதான் முதல் தடவை."

"அந்தப் பைலட்டுக்கு நிலாவைச் சரியா வெக்கத் தெரியுமா? இன்னைக்கு எந்தப் பிறைன்னு பார்த்து வெக்கணும். அப்படியே கட்டிக்கிட்டுப் போயிடுவாரோ?"

"ஆகாசத்துல வேலை பார்க்கறவருக்கு நீ நிலா சொல்லிக் கொடுக்கறியா?"

டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, பாதி. விரல்கள் மட்டும் வெறும் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தன, வீடு வரும்வரை.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டுல பசிக்கிறப்போ சோறும், படுத்ததும் தூக்கமும், தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா அணைச்சுக்க ஒரு கையும் என்னைக்கும் குறையாம இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருங்க.