மூன்றாவது வரிசை, ஏழாம் இருக்கை

மலையைப் பற்றி யார் இசை எழுதினாலும், அது அரங்கேறுவதற்கு முன்னால் அந்த மலையிலிருந்து ஒரு சிறுத்தை வந்து முழுவதும் கேட்டாக வேண்டும். மூன்றாவது வரிசையில் ஏழாம் இருக்கை அதற்குரியது. எட்டாம் இருக்கையில் எழுதியவர் உட்கார வேண்டும். கடைசி ஒலி அடங்கும்வரை சிறுத்தை இருந்தால் சான்று உண்டு. நடுவில் எழுந்து வாசல் வழியே போய்விட்டால் இல்லை. மூன்று முறை அப்படிப் போய்விட்டால், எழுதியவர் அதன்பிறகு சமவெளியைப் பற்றி மட்டுமே எழுதலாம்.

எழுந்து மேடைப் பக்கம் போனால் என்ன என்பதற்கும் விதி இருந்தது. இசையை நோக்கிப் போவது ஒப்புதலாகவே கொள்ளப்படும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு புல்லாங்குழல்காரர் விஷயத்தில் அப்படித்தான் முடிவானது. அந்த இசைக்குச் சான்று கிடைத்தது. நல்ல இசை என்று இன்றும் சொல்கிறார்கள்.

பொள்ளாச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த திருமேனிக்கு இது மூன்றாவது முறை. முதல் இசையில் அவன் மூடுபனியை எழுதியிருந்தான். லாட்ஜ் ஜன்னல் வழியே பார்த்து எழுதிய பனி. இரண்டாவது நிமிடத்திலேயே சிறுத்தை எழுந்து போய்விட்டது. அடுத்த இசையில் மழையை எழுதினான். நான்கு முரசுகள் வைத்திருந்தான். முதல் அடி விழுந்ததுமே ஏழாம் இருக்கை காலியானது.

சிறுத்தையை ஜீப்பில் கூட்டி வரும் வனவர் கிட்டுசாமி அன்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். "மழை மொதல்ல மணமாத்தாங்க வரும். நீங்க எடுத்ததும் சத்தத்துல ஆரம்பிச்சுட்டீங்க."

திருமேனி கடையைச் சாத்திவிட்டு வெள்ளிக்கொம்பு மலையில் எட்டு மாதம் இருந்தான். ஒருநாள் பொழுது சாயும் நேரம், மூங்கில் புதருக்குள் ஒரு மிளாமான் குட்டி தாயைக் கூப்பிட்டது. தாய் வரவில்லை. குட்டி மறுபடியும் கூப்பிட்டது. அவன் பாறையோடு பாறையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அட்டைகள் காலில் ஏறியது தெரியவில்லை. இருட்டிய பிறகுதான் தாய் வந்தது.

கீழே இறங்கி வந்து நாற்பத்தொரு பேர் வாசிக்க முப்பத்து நான்கு நிமிட இசையை எழுதி முடித்தான். அதன் நடுவில் மற்ற எல்லோரும் ஓய்ந்திருக்க, ஓபோ மட்டும் தனியாகக் குட்டியின் குரலை வாசிக்கும். ஓபோ என்பது நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் கருவி. உடம்பு ஒல்லி, குரலும் ஒல்லி. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பகுதியை இசைக்காரர்கள் பார் என்பார்கள். குட்டியின் குரல் பத்தொன்பது பார், ஒரு கூப்பிடலுக்கு ஒரு பார்.

மாவட்ட இசைக்குழுவில் ஓபோ வாசித்தவர் எமல்டா. அவனைவிட ஏழு வயது மூத்தவர். அவனுடைய முந்தைய இரண்டு இசைகளிலும் வாசித்தவர். சிறுத்தை எழுந்து போன இரண்டு முறையும், "அது எழுந்து போனது சரிதான்" என்று அவனிடம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஒத்திகையின் மூன்றாம் நாள் எமல்டாவுக்கு அந்தக் குரல் பிடிபட்டது. அவர் வாசித்து முடித்தபோது அரங்கின் வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அடுத்த தெருவில் கட்டியிருந்த மூன்று மாடுகள், முளைக்குச்சியைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு வந்து படியில் நின்றிருந்தன. மூன்றுக்கும் மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

மாடுகளை ஓட்டிவிட்டு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். எமல்டாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். குழுவை நடத்தும் பீர் முகமது கோலால் மேசையைத் தட்டினார்.

"நிகழ்ச்சியன்னைக்கு என்ன நடந்தாலும் வாசிப்பை நிறுத்தக் கூடாது. யாராவது இல்லாமப் போனா, அவங்க பகுதியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடணும். சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுக்கங்க."

வயலின்காரர் ஒருவர், எந்தப் பக்கத்திலிருந்து விட்டுவிட்டுப் போவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை திருமேனி எமல்டாவின் வீட்டுக்குப் போனான். அவர் சமையலறையில் உட்கார்ந்து சீவாளிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஏழாவது பார்ல ஒரே ஒரு சுரத்தை மாத்திடறேன். கொஞ்சம் பொய்யா இருக்கும். அவ்வளவுதான்."

"பொய்யா வாசிச்சா அது எழுந்து போயிடும். நிஜமா வாசிச்சா எழுந்து வந்துடும். ரெண்டாவதுதான் எனக்கு மரியாதை."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உனக்குச் சான்று கிடைக்கும்."

அவன் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முயன்றான். எமல்டா சிரிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் அவன் வன அலுவலகத்துக்குப் போய்க் கிட்டுசாமியைப் பார்த்தான். சிறுத்தைக்கு அன்று காலையில் வயிறு நிறையத் தீனி போட முடியுமா என்று கேட்டான்.

"தின்னுபோட்டா தூங்கிருமுங்க. தூங்குன சிறுத்தையோட சான்று செல்லாது. பசியோடதான் கூட்டியாருவோம்."

"குட்டி கூப்பிட்டா எப்போ பாயும்?"

கிட்டுசாமி விரலில் எண்ணிப் பார்த்தார். "பதினாலு தரம் கூப்பிடற வரைக்கும் பதுங்கி இருக்குமுங்க. அதுக்கு மேல பொறுக்காது."

"நிறுத்த வழி இல்லையா?"

"ஒண்ணு இருக்குதுங்க. பெரிய மிளா ஒண்ணு அது இருக்கறதைப் பாத்துட்டுக் கத்துச்சுன்னா, தன்னைப் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்கும். பாத்ததுக்கப்புறம் எந்தச் சிறுத்தையும் வேட்டையாடாது. எந்திரிச்சுப் போயிரும்."

"வாசல் வழியாவா?"

"ஆமாங்க. வாசல் வழியாத்தான்."

திருமேனி வீட்டுக்கு வந்து அந்தக் கத்தலை ஒரு துண்டுத் தாளில் எழுதினான். ஒரே ஒரு சுரம். குழுவில் ஹார்ன் என்ற பித்தளைக் கொம்பு வாசிக்கும் பழனியாண்டியிடம் அதைக் கொடுத்து, தான் கை தூக்கினால் மட்டும் ஊத வேண்டும் என்று சொன்னான். பழனியாண்டி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எமல்டாவிடமும் சொன்னான். "பதினாலாவது பார்ல கை தூக்கிடுவேன். சத்தியமா."

"தூக்கவே வேண்டாம்."

"தூக்குவேன் அக்கா."

"உன் இசை. உன் கை" என்றார் எமல்டா.

நிகழ்ச்சி காலை பதினொரு மணிக்கு. சிறுத்தை பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. கிட்டுசாமி முன்னால் நடக்க, அது வரிசைகளுக்கு நடுவே வந்து, ஏழாம் இருக்கையில் ஏறி, ஒருமுறை சுற்றிவிட்டு உட்கார்ந்தது. திருமேனி அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு எட்டாம் இருக்கையில் உட்கார்ந்தான். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கைப்பிடிதான். அதில் அவன் தன் முழங்கையை வைக்கவில்லை. ஈர மண்ணும் பழைய ரத்தமும் கலந்த வாடை அடித்தது. அதன் வயிற்றுக்குள் பசி முனகுவது அவனுக்குக் கேட்டது.

பீர் முகமது கோலை உயர்த்தினார்.

முதலில் பாறைகள் வந்தன. ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸ்கள் நான்கும் மெல்ல ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சிறுத்தை மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மூடுபனி. இரண்டாவது நிமிடம் வந்தது, கடந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மழை. இந்த முறை முரசு இல்லை. வயலின்கள் நரம்பைத் தொட்டும் தொடாமலும் வாசிக்க, அரங்கில் மண் வாசனை எழுந்தது. சிறுத்தை உடம்பைச் சிலிர்த்து உதறியது. திருமேனியின் முகத்தில் சில துளிகள் தெறித்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. அவன் எழுதிய எதையும் இதுவரை எந்தச் சிறுத்தையும் இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

பிறகு எல்லோரும் ஓய்ந்தார்கள். எமல்டா சீவாளியை உதட்டில் வைத்தார்.

முதல் பாரிலேயே சிறுத்தையின் தலை தாழ்ந்தது. மூன்றாவது பாரில் முன்னங்கால் இரண்டையும் எடுத்து முன் இருக்கையின் முதுகில் வைத்தது. தோள் எலும்புகள் மேலே எழுந்தன. திருமேனி உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தான். ஆறு. ஏழு. எமல்டா நிமிர்ந்து நேராக ஏழாம் இருக்கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாசித்தார். குரலில் நடுக்கம் இல்லை. நடுக்கம் எழுதியிருந்த இடத்தில் மட்டும் நடுங்கியது.

பத்தாவது பாரில் அவன் மலையில் கேட்டது அப்படியே கேட்டது. மூங்கில் உரசும் சத்தம்கூட இருந்தது, அதை அவன் எழுதவே இல்லை. பன்னிரண்டு. சிறுத்தையின் வால் நுனி மட்டும் அசைந்தது. பதிமூன்று. பின்னங்கால்கள் இருக்கையின் பஞ்சுக்குள் அழுந்தின.

பதினான்கு.

அவன் கை மடியிலேயே இருந்தது. தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. தூக்காமல் விட்டால் அது மேடைக்குப் பாயும், சான்று கிடைக்கும் என்பதும் தெரிந்தது. அதைவிட, குட்டியின் குரல் அடுத்து எங்கே போகும் என்று, எழுதிய அவனுக்கே தெரியாததுபோல் கேட்க ஆசையாக இருந்தது. பதினைந்து. பழனியாண்டி ஹார்னை வாயருகே வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுத்தையின் உடம்பு பின்னோக்கிச் சுருங்கியது.

பதினாறில் அவன் கை தூக்கினான்.

ஹார்ன் ஒரே ஒருமுறை கத்தியது. பாயக் கிளம்பிய சிறுத்தை, இருக்கையின் விளிம்பில் அப்படியே நின்றது. பிறகு அதன் உடம்பு தளர்ந்தது. அது மேடையைப் பார்க்கவில்லை, ஹார்னையும் பார்க்கவில்லை. திரும்பித் திருமேனியைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் இறங்கி, வரிசை ஓரமாக அவசரம் இல்லாமல் நடந்து, வாசல் வழியே போனது. கிட்டுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்.

நிறுத்தக் கூடாது என்பதால் குழு கடைசிவரை வாசித்தது. மீதி மூன்று பாரையும் எமல்டா வாசித்தார். அதற்குப் பிறகு மிளாவின் தாய் வந்தது, விடிந்தது, அருவி விழுந்தது. ஏழாம் இருக்கையின் பஞ்சில் நான்கு நகக்குழிகள் இருந்தன. திருமேனி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் மேடைக்குப் போனான். எமல்டா ஓபோவை மூன்று துண்டாகக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"தூக்கவே வேண்டாம்னு நான் சொன்னேன். பதினாலுன்னு நீ சொன்ன. பதினாறுல தூக்கின." அவர் பெட்டியை மூடினார். "இதுல எது நீ?"

எமல்டா பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கிட்டுசாமி கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். "மலையை ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்துங்க." திருமேனி போட்டான். நகல் வேண்டும் என்று அவர் கேட்க, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். அவர் போன பிறகு மாடிக்கு ஏறி மேற்கே பார்த்தான். அவனுக்கு மலை இல்லை. மலை இருந்த இடத்தின் வழியே அரபிக்கடல் தெரிந்தது.

கடல் மலையிலும் சேராது, சமவெளியிலும் சேராது என்று வன அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு விதி எதுவும் இன்னும் எழுதப்படவில்லை. அவன் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான், கேட்டான், கொஞ்சம் எழுதினான். எழுதியதைப் பெரும்பாலும் அடித்தான். வாசிக்க ஆள் இல்லாமல் எழுதுவது அவனுக்குப் பழக்கம் இல்லை. எமல்டாவின் வீட்டுப் பக்கம் இரண்டு முறை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தான்.

இருபத்தாறாம் நாள் காலையில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எமல்டா பெட்டியோடு வந்து, சுவர் ஓரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேற்கே பார்த்தார். அவருக்கு அங்கே வெள்ளிக்கொம்பு மலை இருந்தது.

"எனக்கு இன்னும் கோபம் போகலை" என்றார்.

"தெரியுது அக்கா."

"எப்பப் போகும்னும் தெரியலை."

"சரி அக்கா."

அவர் கை நீட்டினார். அவன் எழுதிய தாளைக் கொடுத்தான். எமல்டா அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். அடித்திருந்த இடங்களையும் படித்தார்.

"அலை இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் பெரிசா இருக்கு."

எமல்டா சீவாளியை நாக்கில் நனைத்து ஓபோவில் பொருத்தினார். முதல் நான்கு பார் வாசித்துப் பார்த்தார். ஐந்தாவதில் நிறுத்தி, மூச்சை இன்னும் கீழிருந்து எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அது பிடிபட்டது.

திருமேனி தன் செருப்பைக் கழற்றினான். எமல்டாவின் செருப்பையும் எடுத்து, இரண்டு ஜோடியையும் தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்துச் சுவரின்மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.