தோளுக்குப் பின்னால்

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று அக்கா ஒருநாள் தங்கையிடம் கேட்டாள். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவள் ஊமைக்கோட்டான்தான். போட்டோ எடுக்க வந்தால்கூட முகத்தை மூடிக்கொள்வாள்.

இப்போதும் சலவைக் கடை ஸ்கூட்டரில், துணி மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு, அக்காவுக்குப் பின்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். சிக்னல் தாண்டியதும் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தியிருந்தார். அக்காவின் லைசென்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது. அது போனால் அக்காவின் வேலையும் போச்சு.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"அவசரப்படாதே, சொல்றேன்."

அக்கா பின்னால் கையை விட்டு அவள் தொடையைக் கிள்ளினாள். வீடியோ எடு என்று அர்த்தம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனை முகத்துக்கு நேரே தூக்கினாள். அதற்குள் அவர் வண்டியின் பின்பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சடக்கென்று ஏதோ உடைந்தது.

"பின் லைட்டு உடைஞ்சு கிடக்கு. இப்படியா ரோட்டுல ஓட்டுவே?"

"நீங்கதானே சார் இப்ப தடியால அடிச்சீங்க!"

"யாரு பார்த்தா?"

அக்கா போனைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! உன் மூஞ்சியவா எடுத்து வச்சிருக்கே?"

காலையில் பொட்டைச் சரிசெய்ய அக்காதான் அந்தப் போனைக் கண்ணாடியாக்கி, அப்படியே செல்ஃபியில் விட்டிருந்தாள்.

போலீஸ்காரர் சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைங்க."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். பயத்தில் வெளிறிய தன் முகம். இந்தமுறை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதன் ஓரத்தில், தோளுக்குப் பின்னால், கடைக் கண்ணாடியில் தெரிந்த நல்ல முழு லைட்டு. ஓங்கிய தடி. அடி.

மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு, வண்டியிலிருந்து இறங்கிப் போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"சார், என்னை விட்டுட்டு என் தோளுக்குப் பின்னால பாருங்க."

அவர் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "அழிச்சிடு."

"மாட்டேன் சார். இதுலதான் என் மூஞ்சி நல்லா விழுந்திருக்கு."

பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா வாயைப் பிளந்தாள். "ஏய், நீயாடி பேசுறே?"

அவள் போனை இறக்கவில்லை. "லைசென்ஸைக் குடுங்க சார். உடைச்ச லைட்டுக்கு நாங்க ஸ்டேஷன்ல வந்து பேசிக்கிறோம்."

அவர் சட்டைப் பையில் விரலை விட்டு, லைசென்ஸை எடுத்துத் துணி மூட்டையின் மேல் வைத்தார். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நடந்து போனார்.