பஞ்சண்ணையின் சிவப்புக் கிற்றார்

"பஞ்சண்ணை, வட்டுக்கோட்டையிலை கிற்றார் வயரைப் பொக்ஸிலை குத்துங்கோ. ஏலாதெண்டால் கிற்றாரைக் கழட்டி வைச்சிட்டுப் பாட்டை மட்டும் பாடுங்கோ."

ஆரணி இதை எழுந்து நின்றுதான் சொன்னாள். இருந்தபடி சொல்லியிருந்தால், மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சாட்டுச் சொல்லியிருப்பார்கள்.

அரியாலையில், ஜெரிசனின் ஒலிபெருக்கிச் சாமான்கள் அடுக்கிய தகரக் கொட்டிலுக்குள் இருந்தது ஒரேயொரு மின்விசிறி. அதையும் பஞ்சலிங்கத்தின் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். எழுபது வயதில், பங்குனி வெயிலில், கறுத்தத் தோல் ஜக்கற்றோடு இருக்கிற மனிதருக்கு அது தேவைதான். ரசிகர் மன்றக் கூட்டம் என்றால் அவர் ஜக்கற் இல்லாமல் வருவதில்லை. கறுப்புக் கண்ணாடி, மை பூசிய சுருள் முடி, கை நிறைய மோதிரம், முழங்கால்வரை தொங்கும் சிவப்புக் கிற்றார். யாழ்ப்பாணத்தில் எந்தப் பிள்ளை எந்த மதிலில் கரிக்கட்டியால் கீறினாலும் ஆளைச் சொல்லிவிடலாம். தாத்தாமாரும் பஞ்சண்ணை என்றார்கள், பேரப்பிள்ளைகளும் பஞ்சண்ணை என்றார்கள்.

அந்தச் சிவப்புக் கிற்றாரின் வயர் எங்கும் போவதில்லை. மேடையில் அது அவருடைய இடுப்பைச் சுற்றிப் போய் ஜக்கற்றின் பொக்கற்றுக்குள் முடிந்துவிடும். சத்தம் வருவது ஒலிபெருக்கிப் பொக்ஸ் அடுக்குக்குப் பின்னாலிருந்து. அங்கே, கவிழ்த்து வைத்த சோடாப் பெட்டியில், கறுப்புச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக, தன் சொந்தக் கிற்றாரோடு ஆரணி இருப்பாள். ட்றம்ஸ் அடிக்கிறவனும் இசைக்குழுவைக் கொண்டு நடத்துகிறவனும் ஜெரிசன்தான். அவள் சேர்ந்த அன்றைக்கே அவன் சொல்லி வைத்தான்: "லீவு கேளும், சண்டை பிடியும், பாட்டை மாத்தச் சொல்லியும் கேளும். உந்த வயர்க் கதையை மட்டும் வாயிலை எடுக்காதையும்." மூன்று வருடமாக அவள் இவர்கள் முன்னால் எடுக்கவில்லை.

இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் இருந்தது. பஞ்சலிங்கம் பாட வந்து ஐம்பது வருடம். ரசிகர் மன்றம் அதைப் பெரிதாகக் கொண்டாடப் போகிறது. இடம் வட்டுக்கோட்டை மைதானம். அது ஆரணியின் ஊர். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்து இறைத்து அவளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய தாயும் தகப்பனும், "கம்பஸ் முடிச்ச பெட்டை உதென்னத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறாள்" என்று வேலிக்கு மேலால் கேட்ட சனமும் முன்னால் இருக்கப் போகிறார்கள். அந்த ஒரு மேடையிலாவது அவள் வெளிச்சத்தில் நின்று வாசிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஜெரிசன் ஒரு ஆணியை எடுத்து ஆராய்ந்து பார்த்தான். மன்றத் தலைவர் ஏரம்பு தொண்டையைச் செருமினார். பருத்தித்துறையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டத்தையும் பஸ் மாதிரித்தான் ஓட்டுவார், நடுவில் யார் கை காட்டினாலும் நிறுத்தமாட்டார்.

"உது ஒரு பிரேரணை. வழிமொழிய ஆளிருந்தால் பிறகு எடுப்பம். இப்ப விட்ட இடத்துக்கு வாருங்கோ. ஜக்கற்."

விட்ட இடம் அதுதான். பஞ்சண்ணை ஜக்கற் போடுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக வைபர் குழுவில் ஓடிக்கொண்டிருந்த சண்டை நேரில் வந்திருந்தது. எதிர்க்கட்சி குணலட்சுமி. ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். பள்ளிக்கூடக் காலத்தில் பஞ்சண்ணையின் படத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து அடி வாங்கியதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்.

"அவருக்கு வேர்த்து ஊத்துறதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது, ஏரம்பண்ணை. வடிவா ஒரு வெள்ளைச் சேட்டைப் போட்டு, கதிரையிலை இருந்து பாடட்டுமே."

"கதிரையிலை இருந்து பாட அவரென்ன கோயில்லை தேவாரம் படிக்கிறாரோ? ஜக்கற் இல்லாமல் வந்தாரெண்டால், பஞ்சண்ணை எப்ப வருவார் எண்டு சனம் அவரிட்டையே கேக்கும்."

"அப்ப அந்த முழங்கால்? அச்சுவேலியிலை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு குந்தினவரை ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி எடுத்தவை."

"அதுக்கும் சனம் விசிலடிச்சதோ இல்லையோ? ஸ்டைல் எண்டு நினைச்சவங்கள். ஸ்டைல்தான்!"

"மற்றது, பாடுறதும் குறைஞ்சு போச்சு. எடுப்பான இடம் வந்தால் மைக்கை எங்களிட்டை நீட்டுறார். அரைவாசிப் பாட்டு நாங்கள்தான் பாடினது."

"அதுக்குப் பேர்தான் லைவ், தங்கச்சி. வீட்டிலை கேசெற் போட்டால் உங்களிட்டை மைக்கை நீட்டுமோ?"

கொட்டில் சிரித்தது. பஞ்சலிங்கமும் சிரித்தார். வேறு யாரையோ பற்றிக் கதைக்கிறார்கள் என்பது போல இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு பிளேன்ரீயை ஊதிக் குடித்தார்.

ஆரணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நிற்கச் சொன்ன ஆளும் இல்லை, இருக்கச் சொன்ன ஆளும் இல்லை. அரைமணி நேரமாக ஜக்கற், முழங்கால், கண்ணாடி, முடி. பஞ்சண்ணைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்த வெளிச்சவீட்டுப் பாட்டின் நடுவில் கிற்றார் தனியாக வரும் இடம் வந்தால் இதே ஏரம்பு கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் தாளம் போடுவார். போன வருடம் அந்த இடத்தை ஆரணி முழுக்க மாற்றி, தானே புதிதாகக் கட்டி அடித்தாள். "மனுசன் வயசு போகப் போக வேறை மாதிரி அடிக்கிறார்" என்று அடுத்த நாள் முகநூலில் ஏரம்புதான் எழுதினார். நூற்றுக்கணக்கில் இதயம் விழுந்தது. அவளும் ஒன்று போட்டாள், வயிறு எரிய எரிய.

ஏரம்புவையாவது விடலாம். கீரிமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா நிகழ்ச்சிக்கு அவளுடைய அப்பா வந்திருந்தார். முன்வரிசையில் மணலில் இருந்து பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் சொன்னார்: "இந்த வயசிலையும் என்ன அடி அடிக்கிறான் பாத்தியே? நீயும் உப்பிடி அடிச்சுப் பழகு பிள்ளை. அதுசரி, நீ எங்கை நிண்டனீ? நான் காணேல்லை." அவள் உண்மையைச் சொன்னாள். அப்பா, "உதுகளை வெளியிலை சொல்லிக்கொண்டு திரியாதை. பெரிய மனுசனிலை பொறாமைப்படுறாள் எண்டுதான் சனம் சொல்லும்" என்றார். நம்பவில்லை. பெற்ற தகப்பனே நம்பவில்லை.

"அடுத்தது திரை" என்றான் கஜீவன். மன்றத்தின் யூரியூப் அவன் பொறுப்பு, கமராவும் அவன்தான். "மேடைக்கு ரெண்டு பக்கமும் பெரிய எல்ஈடி போடுறம். வெளிச்சவீட்டுப் பாட்டிலை பஞ்சண்ணையின்ரை விரலை மட்டும் குளோசப்பிலை காட்டுறம். பின்னாலை நிக்கிற சனத்துக்கும் விளங்கும். வெளிநாட்டிலை இருந்து பாக்கிறவைக்கும் புல்லரிக்கும்."

"சோக்கான யோசனை!" என்றார் ஏரம்பு.

ஆரணிக்கு ஒரு நிமிடம் சந்தோசமாகவே இருந்தது. சரி, தானாக வந்து பிடிபடுகிறார்கள்.

"எடுங்கோ" என்றாள். "வடிவா எடுங்கோ. அவரின்ரை விரல் கம்பியிலை படேல்லை எண்டு உலகம் முழுக்கப் பாக்கட்டும். மூண்டு வருசமா அடிக்கிறது நான். உங்களுக்கு அது தெரியாது."

ஜெரிசன் தலை குனிந்தான். பஞ்சலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். கொட்டில் அதிரும், யாராவது "ஐயோ" என்பார்கள் என்று ஆரணி காத்திருந்தாள்.

ஏரம்பு அவளைப் பார்த்து, பாவப்பட்டதுபோல், மெல்லச் சிரித்தார்.

"பிள்ளை, உது ஆருக்குத் தெரியாது?"

"என்ன?"

"வயரைப் பொக்கற்றுக்கை வைக்கிறதை நான் முதல் வருசமே கண்டுட்டன். நான் பஸ் ஓடினவன், கண்ணாடியிலை பின்னாலை நடக்கிறதெல்லாம் பாத்துப் பழகினவன். அதுதான் ஜக்கற் வேணும் வேணும் எண்டு சண்டை பிடிக்கிறன். வெள்ளைச் சேட்டிலை வயரை எங்கை ஒளிக்கிறது?"

"எனக்கும் தெரியும்" என்றார் குணலட்சுமி, கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆனா தங்கச்சி, குறை நினைக்காதையும். நாங்கள் கிற்றார் கேக்க வாறேல்லை. அவரைப் பாக்க வாறம்."

மறைக்கப்பட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைக்கும் ஆரணிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. திரையை இழுத்துவிட்டால் போதும், பார்த்துவிடுவார்கள். இவர்கள் பார்த்துவிட்டுத்தான் கை தட்டியிருக்கிறார்கள். அவளுக்கல்ல.

"ஆனா ஆரணி அக்கா சொல்லுறது பொயின்ற்" என்றான் கஜீவன். "குளோசப்பிலை பிழைச்சுப் போகும். அப்ப இப்பிடிச் செய்வம். விரலை முதலே எடுத்து வைப்பம். ஆரணி அக்கா ஜக்கற்றைப் போட்டு, பஞ்சண்ணையின்ரை மோதிரங்களையும் போட்டு, சிவப்புக் கிற்றாரிலை அடிக்கட்டும். முழங்கைக்குக் கீழை மட்டும்தான் எடுப்பன். அண்டைக்கு அந்தப் பாட்டு வரேக்கை திரையிலை அதை விடுவம்."

"விரல் மெல்லிசா இருக்குமே?" என்றார் குணலட்சுமி. அவருக்கும் யோசனை பிடித்துவிட்டது.

"லைற்றைக் குறைச்சால் தெரியாது."

"மயிர்?" என்று கேட்டார் ஏரம்பு. "பஞ்சண்ணையின்ரை கையிலை மயிர் கிடக்கு."

"ஒட்டலாம். நாடகக்காரர் தாடி ஒட்டுறேல்லையே?"

"நகத்தை வெட்டவேணும்" என்றார் ஏரம்பு.

"கிற்றார் அடிக்கிற பிள்ளைக்கு நகம் ஏது? உங்களுக்கு உதும் தெரியாது" என்றார் குணலட்சுமி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளுடைய கைகளைப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் முதல்தடவையாக.

பஞ்சலிங்கம் எழுந்தார். ஜக்கற்றைக் கழற்றினார். உள்ளே சேட்டு முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. ஜக்கற் இல்லாமல் அவர் அரைவாசி ஆளாகத் தெரிந்தார், தபால் கந்தோர் வரிசையில் நிற்கும் ஒரு வயோதிபர் போல. ஜக்கற்றை அவளிடம் நீட்டினார்.

"போட்டுப் பார் பிள்ளை. அளவு காணுமோ தெரியேல்லை."

ஆரணி அதை வாங்கவில்லை. அவர் நீட்டிய இடது கையைப் பார்த்தாள். மூன்று விரல்கள் நீட்டியபடியே விறைத்து நின்றன. பாரிசவாதம் வந்து மாறியபின் அவை மடிவதில்லை என்று இசைக்குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

"பஞ்சண்ணை" என்றாள். இப்போது சத்தம் போடவில்லை. "விரல் மடியாதது உங்கடை பிழையில்லை. அதை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம். நீங்கள் முன்னுக்கு நிண்டு பாடுங்கோ. நான் பக்கத்திலை நிண்டு அடிக்கிறன். பாட்டு முடிய என்ரை பேரை ஒருக்கா மைக்கிலை சொல்லுங்கோ. என்ரை பிரேரணைக்கு வழிமொழிய ஆளில்லையாம். நீங்கள் வழிமொழியுங்கோ."

அவருடைய வாய் அசைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்ததோ, அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம், ஓம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தாள். அவர் ஏரம்புவின் பக்கம் திரும்பினார்.

"ரசிகர்மார் என்ன சொல்லுறியள்?"

"ரசிகர்மார் என்னத்தைச் சொல்லுறது?" ஏரம்பு சிரித்தார். "பக்கத்திலை ஒரு குமர்ப்பிள்ளை நிண்டு அடிச்சால் சனம் ஆரைப் பாக்கும்? அம்பது வருசம் ஆரின்ரை? சரி, ஒழுங்கா எடுப்பம். விரலை முதலே படம் பிடிக்கிறதெண்டு கஜீவன் முன்மொழியிறார். வழிமொழியிறது ஆர்?"

குணலட்சுமி கையைத் தூக்க முதல் பஞ்சலிங்கத்தின் கை எழுந்தது. இடது கை. மூன்று விரல்களும் கொட்டில் தகரத்தைக் காட்டிக்கொண்டு நின்றன.

"நான் வழிமொழியிறன்" என்றார்.

ஆரணிக்குள் ஏதோ ஒன்று அந்த இடத்தில் ஓய்ந்தது. கோபம்கூட வரவில்லை. அது அவளுக்கு முதலே வெளிக்கிட்டு, வெளியில் ஸ்கூட்டியடியில் காத்து நின்றிருக்க வேண்டும். அவள் குனிந்து தன் கிற்றாரை உறைக்குள் வைத்தாள். சிப்பை இழுத்தாள். காலை ஒத்திகைக்குக் குத்தியிருந்த தன் வயரைப் பொக்ஸிலிருந்து பிடுங்கிச் சுற்றினாள்.

"எங்கை பிள்ளை? இன்னும் திகதி எடுக்கேல்லை" என்றார் ஏரம்பு.

"நீங்கள் எடுங்கோ. நான் வரமாட்டன். ஒத்திகைக்கும் வரமாட்டன், நிகழ்ச்சிக்கும் வரமாட்டன். படம் பிடிக்கக் கையும் தரமாட்டன்."

"அக்கா, பகிடி விடாதையுங்கோ."

"ஆரணி, அவசரப்படாதையும்" என்று ஜெரிசன் எழும்பி வந்தான். "நாளைக்குக் கதைப்பம். நீர் இல்லாட்டி அந்தப் பாட்டை ஆர் அடிக்கிறது?"

"ஜக்கற் அடிக்கும். அதைப் பாக்கத்தானே வருகினம்."

"படிச்ச பெட்டையளைச் சேத்தால் உதுதான்" என்றார் ஏரம்பு. "வாய்."

"ஓம், வாய்தான். மூண்டு வருசம் மூடி வைச்சிருந்தனான்."

பஞ்சலிங்கம் நனைந்த சேட்டோடு நின்றபடி ஜக்கற்றைத் திரும்பப் போட முயன்றுகொண்டிருந்தார். இடது கைக்குள் விரல்கள் சிக்கின. குணலட்சுமி ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார். ஆரணிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக உட்கார அவள் தயாரில்லை.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. குவியலின் மேல், குதி உயர்ந்த அவருடைய சப்பாத்து இரண்டும் அவளின் செருப்பை அமத்திக்கொண்டு கிடந்தன. அவற்றை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டு, செருப்பைக் கொழுவிக்கொண்டு, அவள் வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.