நமச்சிவாயத்தின் எதிரி

ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே மலையேறப் போன சபரிநாதன், செங்கல் என்ற ஊரிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பியதும் நனைந்த மழைக்கோட்டைக் குளிமுறியில் உதறினான். அதிலிருந்து கட்டைவிரல் அளவுப் பச்சைத் தவளை ஒன்று குதித்து, வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

தவளை ஆராய்ச்சி செய்யும் தோழி ஸ்வப்னாவுக்குப் படம் அனுப்பினான். உடனே போன் வந்தது.

"மலைத்தவளையாக்கும். தொடப்பிடாது. சோப்பு, பினாயில் பட்டா செத்துப்போவும். மழைக்காடு மாதிரி ஈரமா வச்சிருங்க. இங்க மண்ணிடிஞ்சு ரோடு அடைஞ்சு கிடக்கு. திறந்ததும் வாறேன்."

வீட்டில் இருந்ததே ஒரு குளிமுறிதான். அதில் ஷவர் இரவும் பகலும் தூறியது. சபரிநாதனின் மனைவி ஸ்ரீகலா தரையில் பலா இலைகளைப் பரப்பினாள். துண்டும் வாளியுமாகப் பக்கத்து வீட்டுப் பொன்னப்பனின் குளிமுறிக்குப் போய்வந்தார்கள்.

சபரிநாதனின் அப்பா நமச்சிவாயம், ரிட்டயரான தாசில்தார், ஸ்டூல் போட்டு உள்ளேயே காவலிருந்தார். தவளை "டிக், டிக்" என்றது. ஒரு மரியாதைக்கு அவரும் நாக்கைத் தட்டினார். அது இன்னும் உரக்கச் சொன்னது. அவர் விடவில்லை.

"மாமா, கஞ்சி ஆறுது."

"முதல்ல அவன் நிறுத்தட்டும் மக்கா."

ஸ்வப்னா வந்து, போனில் பதிந்திருந்த தவளைச் சத்தத்தைப் போட்டாள். ஒன்றும் அசையவில்லை. நமச்சிவாயம் நாக்கைத் தட்டியதும், தவளை பாய்ந்து வந்து குழாயின் மேல் தொண்டையை ஊதிக்கொண்டு நின்றது.

"ஆண் தவளை அங்கிள். உங்கள எதிரின்னு நெனச்சிருக்கு. எனக்க எடத்த விட்டு ஓடுலேன்னு சொல்லுது."

"எனக்க வீட்டில இருந்தா!"

அவள் அதை ஈர இலையோடு டப்பாவில் வைத்து மலைக்குக் கொண்டுபோனாள். மறுநாள் கூப்பிட்டாள்.

"விட்ட எடத்திலயே சத்தமில்லாம குந்தியிருக்கு. அங்கிள் ஒருக்கா வருவாரா?"

ஸ்ரீகலா சிரித்து முடிப்பதற்குள் நமச்சிவாயம் சட்டை போட்டிருந்தார்.

மலையில் ஈற்றை மூங்கில் காட்டைப் பனிமஞ்சு மூடிக் கிடந்தது. அவர் குனிந்து நாக்கைத் தட்டினார். பதில் இல்லை.

"எலே, இப்ப வாயடைச்சுப் போச்சா?"

மறுபடி தட்டினார். ஈற்றைக்குள்ளிருந்து "டிக்" என்றது. இடப்பக்கம் இன்னொன்று. ஓடைக்கு அப்புறம் ஒன்று. பிறகு சரிவு முழுக்க அந்தச் சத்தம்தான்.

"இதெல்லாம் ஆரு?"

"எல்லாம் ஆண் தவளைகளாக்கும் அங்கிள்."

"இத்தன பேரா!"

நமச்சிவாயம் வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லாருக்கும் பதிலுக்குப் பதில் நாக்கைத் தட்டினார். சபரிநாதன் கெஞ்சியும் எழும்பவில்லை. இறங்கும்போது அவருக்குப் பேச நாக்கே அசையவில்லை, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஆரு ஜெயிச்சதென்று வீட்டில் ஸ்ரீகலா கேட்டதற்கு, இன்னும் முடிவாகவில்லை என்பதுபோல் கையை விரித்தார்.