ஏ.ஐ. கமிட்டியின் ஆரம்ப ஜெபம்

நான் கோபக்காரி. எங்கள் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் கிழித்து எறிவேன். "உனக்குன்னு ஒரு வாய் இல்லையா?" என்று கத்துவேன். அப்படிப்பட்ட நான் இன்று காலை செய்த காரியத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள்.

தமிழ்நாட்டுக்கு வெளியே, திருமுல்கேரியில் எங்கள் தமிழ்ச் சபை நடத்தும் பள்ளி அது. அடுத்த வருடத்திலிருந்து எல்லா வகுப்புக்கும் ஏ.ஐ. பாடம் உண்டு. எந்தத் திட்டப்படி நடத்துவது என்று முடிவெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். தாளாளர் தனசிங் ஐயா, கணக்கு வாத்தியார் முரளி, கம்ப்யூட்டர் டீச்சர் நான். முரளி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே எல்லாப் பாடத்துக்கும் ஏ.ஐ.யைப் பயன்படுத்தலாம். என் திட்டத்தில் முதல் விதியே வேறு: எதை மெஷின் செய்தது, எதை நான் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது வராவிட்டால் இந்தப் பிள்ளைகள் உருப்பட மாட்டார்கள் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன், அதுதான் வேதனை.

எங்கள் பள்ளியில் ஜெபம் இல்லாமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. ஐயா நேற்றே சொல்லிவிட்டார். "எம்மா ஜெமிமா, நாளைக்கு ஆரம்ப ஜெபம் நீ பண்ணு. சுந்தரிக்கு நாளைக்குத்தான் ஆபரேஷன். அவளையும் நெனச்சுக்க." சுந்தரி என்றால் அவர் மனைவி ஜெயசுந்தரி அக்கா. இருதயத்தில் ஆபரேஷன்.

சொந்த வார்த்தையில் ஜெபிப்பதுதான் எங்கள் வழக்கம். பார்த்து வாசித்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். எனக்கோ, வகுப்பில் அப்படிக் கிழிக்கிற வாய் ஜெபம் என்றால் ஒட்டிக்கொள்ளும். "ஆண்டவரே" என்பேன், அப்புறம் வெறும் காற்றுதான் வரும்.

அதனால் கேட்டேன். ஏ.ஐ.யிடம்தான். பழைய திருநெல்வேலிச் சபைத் தமிழில், அக்காவின் பெயரைப் போட்டு, கேட்பவர்கள் கண் கலங்கும்படி ஒரு ஜெபம் வேண்டும் என்று. உடனே கொடுத்தது. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள் அல்லவா? போனை மடியில் வைத்துக்கொண்டு, நடுநடுவே வேண்டுமென்றே தொண்டை அடைப்பதுபோல் நிறுத்தி, வாசித்து முடித்தேன். "ஆமென்" என்று நிமிர்ந்தால் ஐயாவின் கன்னமெல்லாம் ஈரம். எனக்குப் பெருமையாக இருந்தது. சீ!

பேச்சு தொடங்கியது. முரளி இதே ஊரில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், உருதுவும் கலந்துதான் தமிழ் பேசுவார். "மேடம், நாளைக்கு இவங்க வேலைக்குப் போற எடத்துல இதுதான் இருக்கும். இப்பவே பழகட்டுமே. கைக்கு, எதுக்கு இவ்ளோ பயம்?" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "சொல்லாம செஞ்சா அது திருட்டு சார். பிள்ளைங்க திருடப் பழகட்டும்னு சொல்றீங்க. உங்களுக்கு மனசு உறுத்தாதா?" என்று எகிறினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் திட்டத்தாளை மடித்து வைத்தார். வாயை அடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே மிதப்பு.

டீ வந்தபோது ஐயா வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்தார். "பக்கத்துல உக்காந்து என் பயத்தக் கூட்டாதீங்க" என்று அக்காதான் அவரைக் காலையிலேயே விரட்டிவிட்டிருந்தார். மகள் அக்காவுடன் இருந்தாள்.

"முரளி சார், ஒங்க திட்டமும் நல்லாத்தான் இருக்கு," என்றார் ஐயா. "ஆனா காலைல இந்தப் பிள்ள ஜெபம் பண்ணுச்சே, அந்த மாதிரி வார்த்த மெஷின்ல வருமா? மனசுலேருந்துல்லா வரணும். நம்ம பிள்ளைகளுக்கு அது வேணும்யா. ஜெமிமா திட்டமே இருக்கட்டும். சுந்தரிட்டயும் சொன்னேன். உள்ள கொண்டுபோறதுக்கு முன்ன அதே ஜெபத்த ஒருக்க கேக்கணும்ங்கா. போன் போடுவா."

முரளி என் மடியைப் பார்த்தார். போன் அங்கேதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. ஜெபத்தில் கண்ணை மூடவேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்?

"எனக்கு ஓகே சார். மேடம் திட்டமே இருக்கட்டும்," என்றார் முரளி மெதுவாக.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார், சொல்லவில்லை. திருட்டு என்று நான் யார் மேல் பாய்ந்தேனோ அவர் என்னைக் காப்பாற்றினார். முகமெல்லாம் எனக்கு எரிந்தது. என் வாழ்நாளில் நான் இப்படி அசிங்கப்பட்டதில்லை.

"ஐயா, அது என் ஜெபம் இல்ல," என்றேன். "ஏ.ஐ. எழுதிக் குடுத்தது. போனப் பாத்து வாசிச்சேன். முரளி சார் பாத்துட்டாரு."

ஐயாவுக்கு முதலில் புரியவில்லை. முரளியைப் பார்த்தார். முரளி ஏதோ தான் தப்பு செய்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அழுதேனேம்மா," என்றார் ஐயா. அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேஜைமேல் அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"ஜெமிமாவா?" அக்காவின் குரல் நடுங்கியது. "ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாவ. கண்ண மூடிட்டேன். பண்ணும்மா."

அந்த ஜெபம் என் போனில் இன்னும் திறந்தே இருந்தது. கவிழ்த்து வைத்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"கேக்கலம்மா," என்றார் அக்கா. "கொஞ்சம் சத்தமா பண்ணு."