பதினோரு கறுப்புப் பட்டைகள்

ஆர்லோ விட்காமுக்கு விருது கிடைத்த செய்தியை, தத்துவத் துறை அலுவலகத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள் நெல்டா ஹாஸ்கெல். "ரொம்ப சந்தோஷம்" என்றது வாய். வயிறு பற்றி எரிந்தது. கோபம் கொதிப்பதும் துக்கம் கனப்பதும் பொறாமை எரிவதும் வெறும் பேச்சு அலங்காரமில்லை, உடம்புதான் மனசுக்குச் சொல் கொடுக்கிறது என்று முப்பது வருஷமாக அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள். நடத்தி என்ன புண்ணியம்? எரிகிறது எரியத்தான் செய்தது. வயிற்றெரிச்சலுக்கான மாத்திரை இரண்டை வாயில் போட்டு மென்றாள்.

ஆர்லோ துறையில் அவளுக்கு அடுத்த அறைக்காரன். அவன் புகழெல்லாம் ஒரே ஒரு எடுத்துக்காட்டில் நிற்கிறது. இரண்டு பேர் ஒரு படகைத் தோளில் தூக்கிப் போகிறார்கள். பின்னால் வருகிறவன் நைசாகத் தன் பக்கத்துப் பாரத்தைத் தளர்த்துகிறான். மூளைக்குத் தெரியுமுன் முன்னால் போகிறவரின் தோளுக்குத் தெரிந்துவிடுகிறது. நியாயம் அநியாயத்தை மனிதன் முதலில் கற்பது அந்தத் தோளில்தான் என்பது வாதம். உலகமே இதை 'விட்காமின் தோள்' என்கிறது. விட்காமின் தோளாம்! முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வில்லமெட் ஆற்றில் மரம் விழுந்து வழி அடைத்த அன்று, கரையில் படகைத் தூக்கி நடந்தபோது அதைச் சொன்னது நெல்டா. பாரத்தைத் தளர்த்தியவன் ஆர்லோ. அடுத்த வருஷமே அது அவன் புத்தகத்தில் வந்தது. அவள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அந்த எடுத்துக்காட்டோடு தன் பெயர் ஒரு தடவையாவது அச்சில் வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை கிடையாது.

விருது வந்த மறு வாரம் ஓர் ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்று அவளுக்கு மதிப்பீட்டுக்கு வந்தது. எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது, படிப்பவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. அடையாளம் காட்டும் பெயர்களையெல்லாம் கறுப்புப் பட்டையால் மறைத்து அனுப்புவார்கள். நெல்டா முதல் வரியைப் படித்தாள். 'தோள் எடுத்துக்காட்டை முதலில் கண்டவர்' என்று இருந்தது. அதற்கடுத்து ஒரு பட்டை.

"பாத்தியா அவன் திமிரை!" என்று சமையலறைக்குக் கேட்கும்படி கத்தினாள். "முதலில் கண்டவராம்! தன் பேரைத் தானே எழுதி மறைச்சிருக்கான். இந்த ஒரு கட்டுரையில பதினோரு இடம், ரஸ்!"

அவள் கணவன் ரஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், தத்துவத்துக்கு அவனிடம் அவ்வளவாக மரியாதை கிடையாது. "யாருன்னு தெரிஞ்சா திருப்பி அனுப்பணும்னு நீதானே ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவ?"

"தெரியாது. யூகம்தான்."

"ஆமாமா. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டாம்."

"நீ வெங்காயத்தைப் பாரு."

திருப்பி அனுப்பவில்லை. அன்றைக்கே எழுதினாள். 'இவர் அடுத்தவர் தோளில் ஏறி நின்றுகொண்டு தன் உயரத்தைக் காட்டுகிறார். திருடிய பொருளைக் கடைவிரித்து அதற்கு ஒழுக்கவியல் என்று பெயர் சூட்டுகிறார். வெளியிடத் தகுதியற்றது.' அனுப்பியதும் அப்பாடா என்றிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று மாத்திரையில்லாமல் தூங்கினாள்.

ஏப்ரலில் ஒரு நாள் ஆர்லோ மழைக்கோட்டு சொட்டச் சொட்ட அவள் அறைக்குள் வந்தான்.

"வாங்க, விருதுக்காரரே. உங்க கனத்தை இந்த நாற்காலி தாங்குமான்னுதான் தெரியல" என்றாள் நெல்டா.

அவன் சிரிக்கவில்லை. "ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன் நெல்டா. வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் நல்லாயிருக்குன்னாரு. இன்னொருத்தர் திருடன்னு எழுதியிருக்காரு."

"அட, யாராவது வயித்தெரிச்சல்ல எழுதியிருப்பாங்க. விடு." சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"இல்ல. அவர் சொன்னது சரி. அதனாலதான் தாங்க முடியல." கோட்டுக்குள்ளிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினான். "நீ படி. இது பேரை மறைக்காத பிரதி."

நெல்டா வாங்கினாள். 'தோள் எடுத்துக்காட்டை முதலில் கண்டவர் நெல்டா ஹாஸ்கெல்.' மறுபடி படித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். நெல்டா ஹாஸ்கெல். நெல்டா ஹாஸ்கெல். பதினோரு இடத்திலும் அவள்தான்.

"பேர் மட்டுமில்ல" என்றான் ஆர்லோ. "நான் எப்படி அமுக்கினேன்னு கடைசியில ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படிச்சா என்னைத் தெரிஞ்சிரும்னு மொத்தமா எடுக்கச் சொல்லிட்டாங்க. உன் பேரு இருந்தாலும் நான்தான்னு கண்டுபிடிச்சிருவாங்களாம். அச்சுல வந்ததும் உன்கிட்ட கொண்டாந்து காட்டலாம்னு இருந்தேன்."

பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டால் அவனுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. ஆனால் மூடிக்கொண்டால் அந்தப் பதினோரு இடமும் போய்விடும்.

"அந்த இன்னொருத்தர் நான்தான், ஆர்லோ."

மழைக்கோட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் பேரை நீயே எழுதிக்கிட்டேன்னு நினைச்சேன். பொறாமைதான், வேற ஒண்ணுமில்ல. இத்தனை வருஷமா அதிலேயே வெந்துட்டேன். இதழாசிரியருக்கு நானே எழுதறேன், என் மதிப்பீட்டைத் தள்ளச் சொல்லி. என் மானம் போனாப் போகட்டும். நீ திரும்ப அனுப்பு, போதும். வெட்கத்தை விட்டுக் கேக்கறேன், எனக்கு அந்தப் பேர் வேணும்."

"என்னால முடியாது."

"என் மேல கோபமா?"

"கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" அவன் குரல் இறங்கிவிட்டது. "முப்பத்தொரு வருஷம் ஆச்சு இதை எழுத. எத்தனை தடவை எழுதிக் கிழிச்சேன் தெரியுமா? திருடன்னு யாரும் சொல்லாதவரைக்கும் நானே சொல்லிக்கலாம்னு தைரியம் இருந்துச்சு. இப்ப ஒருத்தர் சொல்லியாச்சு. அந்த வரியைப் படிச்ச அன்னைக்கே எனக்கு எல்லாம் விட்டுப்போச்சு. நான் கோழை, நெல்டா. இன்னொரு தடவை எனக்கு வராது."

காகிதத்துக்காகக் கையை நீட்டினான். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு ஆர்லோ அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, காகிதங்களை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான்.